பிறர் வீட்டு உயிர்கள்

வெளியூர் செல்வோரின் நாயையும் பூனையையும் அவர்கள் திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளும் பணிக்குத் தமிழில் இன்னும் நிலைத்த பெயர் ஒன்று அமையவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்பவரை ஆயா என்கிறோம். வீட்டைக் காப்பவர் காவற்காரர். ஆட்டை ஓட்டிச் செல்பவர் மேய்ப்பர். எங்கள் பணியோ இம்மூன்றிலும் சிறிது சிறிது கலந்தது. திருச்சி பாலக்கரையில் எங்கள் தெருவார் இதற்குப் பெயர் தேடிச் சிரமப்படவில்லை. எங்கள் வீட்டை ‘நாய் விடுகிற வீடு’ என்றே அடையாளம் சொல்கிறார்கள். தபால்காரருக்கு அது போதுமானதாக இருக்கிறது.

பெயர் இல்லையே தவிர, வழக்கம் புதிதன்று. நம் கிராமங்களில் ஆட்டையும் மாட்டையும் வாரத்துக்கு விடுவது என்றோர் ஏற்பாடு உண்டு. உடையவர் ஒருவர், வளர்ப்பவர் மற்றொருவர். ஈனும் குட்டிகளில் இருவருக்கும் பங்கு. திருமணத்துக்கோ திருவிழாவுக்கோ ஊருக்குப் போகிறவர்கள் கோழிக்கூட்டைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்குக் கைம்மாறு அந்த நாள்களில் கிடைக்கும் முட்டைகள். நகரத்திலும் பக்கத்து வீடு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பகலில் அதற்குப் பூட்டுப் போட்டிருக்கிறது.

நாங்கள் இருவர், கணவனும் மனைவியும். ஒருவர் பொன்மலை ரயில்வே பணிமனையிலும், மற்றவர் பள்ளி ஆசிரியராகவும் உழைத்து, 2016ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றோம். அவ்வாண்டு ஆகஸ்டு மாத இறுதியில், வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை புறப்பட்ட அண்டை வீட்டுக் குடும்பம் ஒன்று தங்கள் பொமரேனியன் நாயை எங்களிடம் விட்டுச் சென்றது. ஆகஸ்டு 29 கொடியேற்றத்திற்கு முன்பே புறப்பட்டு, செப்டம்பர் 8 திருவிழா முடிந்து திரும்பினார்கள். அதற்குள் அந்த நாய் எங்கள் கட்டிலின் ஒரு பாதியைத் தனக்கென ஒதுக்கிக்கொண்டுவிட்டது. அதைக் கண்ட அடுத்த வீட்டார் தங்கள் பூனையைக் கொண்டுவந்தார்கள். பணி இப்படித்தான் தொடங்கியது. விளம்பரம் எதுவும் செய்யவில்லை.

திருச்சியிலும் சீரங்கத்திலும் இப்பணிக்குத் தேவை ஏன் பெருகியது என்பதை நாங்கள் அருகிருந்து கண்டிருக்கிறோம். பிள்ளைகள் அமெரிக்காவிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். பெற்றோருக்குத் தனிமை, அதற்குத் துணையாக ஒரு நாய். பிறகு மகளுக்கோ மருமகளுக்கோ பேறுகாலம் வருகிறது. தாய் தந்தையர் ஆறு மாதம் கடல் கடந்து போக வேண்டியிருக்கிறது. தனிமைக்கு வந்த நாய் இப்போது தானே தனிமையில் விடப்படுகிறது. சிலர் அதைத் தெருவில் இறக்கிவிடுகிறார்கள். வேறு சிலர் வேலைக்காரப் பெண்மணி வாரத்துக்கு இருமுறை வந்து சோறு வைப்பார் என்று பூட்டிவிட்டுப் போகிறார்கள். பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டப்படி குற்றம். ஆனால் அச்சட்டத்தை அறிந்தவரை எங்கள் பக்கத்தில் அரிதாகவே கண்டோம். மற்றொரு சட்டமும் பலர் அறியாதது. நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. கிளியோடு வந்தவர்களை இதைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அவர்களில் ஒருவருக்கு எங்கள்மேல் கோபம் இன்னும் தணியவில்லை.

சென்ற ஆண்டு அக்கினி நட்சத்திர நாள்களில் எங்களுள் ஒருவருக்கு மாரடைப்பு கண்டது. எவருக்கு என்பதை எழுதாமல் விடுகிறோம். நாற்பது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர்களில் ஒருவர் நோயாளியானால், மற்றவரும் உப்புக் குறைந்த குழம்பையே உண்கிறார். நள்ளிரவில் விழித்துக்கொள்வதும் இருவருமே. மணிக்கட்டு வழியாகக் கம்பியைச் செலுத்தி, அடைபட்ட குழாயைத் திறந்து, ஸ்டென்ட் வைத்தார்கள். இரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும், கொழுப்புக்கு ஒரு மாத்திரை, இதயத்தின் வேகத்தைக் குறைக்க மற்றொன்று. மூன்றாம் நாள் எழுந்து நடந்தார். ஐந்தாம் நாள் வீடு வந்தோம்.

அன்று எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள் விருந்தினராக இருந்தன. எதிர்வீட்டு இளைஞர் அவற்றுக்குப் பாலும் கருவாடும் வைத்து, உடையவர்கள் வந்ததும் ஒப்படைத்தார். அதன்பின் வீடு அமைதியாயிற்று. அத்தகைய அமைதியை நாங்கள் விரும்பிக் கேட்டதில்லை.

உடல் தேறுவதற்கு மருத்துவம் கணக்கு வைத்திருக்கிறது. காயப்பட்ட இதயத்தசை வடுவாக உறுதிப்படச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பாரம் தூக்கலாகாது. முதல் வாரம் ஐந்து நிமிட நடை, பிறகு பத்து, பிறகு பதினைந்து. மனத்துக்கு அப்படிப்பட்ட அட்டவணை எதையும் எவரும் எழுதித் தரவில்லை. மாரடைப்பு கண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரை ஆழ்ந்த மனச்சோர்வு பற்றிக்கொள்கிறது என்பதைப் பின்னரே அறிந்தோம். எங்கள் வீட்டில் அது அழுகையாக வரவில்லை, கணக்காக வந்தது. கையை நாடியின்மேல் வைத்து எண்ணுவது, மாடிப்படியை எண்ணுவது, மாத்திரையை எண்ணுவது, இன்னும் எத்தனை ஆண்டு என்று எண்ணுவது. பேச்சு முழுவதும் ஓர் இதயத்தைச் சுற்றியே சுழன்றது. நலம் விசாரிக்க வந்தவர்களும் தங்கள் உறவினரின் இதயங்களைப் பற்றியே பேசினார்கள். அவற்றில் பாதி, கதை முடிவதற்குள் நின்றுபோயின. ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் இதை ஏன் செய்கிறார்கள் என்பது எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கோயம்புத்தூரிலிருக்கும் மகள் உறுதியாகச் சொல்லிவிட்டாள்: “நாயும் வேண்டாம், பூனையும் வேண்டாம். உங்களைப் பாத்துக்கிட்டாப் போதும்.” அன்பினால் சொன்னாள். ஆயினும், உங்களைப் பார்த்துக்கொண்டால் போதும் என்ற சொல் காலையில் எழுந்திருக்க ஒரு காரணமாக அமையவில்லை.

நோயாளிக்கு விலங்கின் துணை நல்லதா என்பதை உலகம் முன்பே ஆராய்ந்திருக்கிறது. அமெரிக்காவில் எரிகா ஃபிரீட்மன் என்பவரும் அவர் துணைவர்களும் 1980ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதய சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய 92 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். பிராணி வளர்த்த 53 பேரில் இறந்தவர் 3 பேர்; வளர்க்காத 39 பேரில் இறந்தவர் 11 பேர். இதைப் படித்து உடனே நாய் வாங்க ஓடுவோர் 2010ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வையும் படிக்க வேண்டும். அங்கே பிராணி வளர்த்தவர்களே, அதிலும் பூனை வளர்த்தவர்கள், சற்று மோசமாக இருந்தார்கள். அமெரிக்க இதயச் சங்கம் 2013இல் இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்து, நாய் வளர்ப்பது இதயத்துக்கு உதவக்கூடும் என்றது. ஆனால் அந்த நோக்கத்துக்காக மட்டும் நாய் வாங்காதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னது. நேர்மையான கூற்று.

இவ்வாய்வுகள் யாவும் சொந்தமாக வளர்ப்போரைப் பற்றியவை. பிறர் பிராணியைப் பார்த்துக்கொள்வோரின் நிலை வேறு என்பது எங்கள் கருத்து. சொந்த நாய் என்றால், எசமானர் படுத்திருக்கும் நாளிலும் அதற்கு நடை வேண்டும், சோறு வேண்டும். இரவல் நாய்க்கு வரும் நாளும் போகும் நாளும் உண்டு. முடிந்தால் ஏற்கலாம், முடியாவிட்டால் மறுக்கலாம். தேறிவருகிற உடம்புக்கு இது எவ்வளவு பெரிய சலுகை! ஆனால் ஏற்றுக்கொண்ட பிறகு சலுகை எதுவுமில்லை. சொந்த நாயின் சோற்றுக்கு அரைமணி தாமதமானால் அது நமக்கும் நாய்க்கும் இடையிலான வழக்கு. ஒப்படைக்கப்பட்ட நாய் என்றால், எங்கோ தொலைவில் ஒருவர் நம்மை நம்பி உறங்கிக்கொண்டிருக்கிறார்.

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வரலாற்றில் இதற்கு ஒரு துயரமான சான்று இருக்கிறது. 1850ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் ஓர் ஆந்தைக் குஞ்சை மீட்டு, அதேனா என்று பெயரிட்டு, சட்டைப்பையில் வைத்து வளர்த்தார். 1854 அக்டோபரில் கிரிமியப் போரில் காயமுற்றோருக்குப் பணிவிடை செய்யப் புறப்பட்டார். அந்தப் பரபரப்பில் வீட்டார் ஆந்தையைப் பரண்மேல் விட்டுவிட்டார்கள். அது இறந்துபோயிற்று. பாடம் செய்யப்பட்ட அதன் உடல் இன்றும் இலண்டனில் அவர் பெயரால் அமைந்த காட்சியகத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு விளக்கேந்திய அம்மையாரின் ஆந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இல்லை. பின்னாளில் செவிலியப் பணி பற்றி அவர் எழுதிய நூலில், நெடுநாள் நோயாளிக்குச் சிறு வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று குறிப்பிட்டிருக்கிறார். எழுதும்போது அந்த ஆந்தையை நினைத்திருப்பார் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

ஆடி பிறந்தபோது சீரங்கத்திலிருந்து மாமி பேசினார். எங்களுள் ஆசிரியராக இருந்தவரோடு ஒரே பள்ளியில் பணியாற்றியவர், கணவரை இழந்தவர், ஒரே மகன் அமெரிக்காவில். மாமியின் வீட்டில் மணி என்றொரு நாட்டு நாய். ஒன்பது வயது. தெருவில் குட்டியாகக் கிடந்ததை எடுத்து வளர்த்தது. ஐந்து ஆண்டுகளாக, மாமி மகனிடம் போகும்போதெல்லாம் நாங்கள்தாம் மணிக்குத் துணை. காலையும் மாலையும் 1ஆம் எண் பேருந்தில் காவிரிப் பாலத்தைக் கடந்து போய்வருவோம்.

நலம் விசாரித்தார் மாமி. விசாரிப்பு முடிந்தபின் பேச்சு வாக்கில், தம் முழங்கால் மாற்று அறுவையைத் தள்ளிப்போட்டுவிட்டதாகச் சொன்னார். வைகாசியில் நாள் குறித்திருந்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு நாங்கள் மருத்துவமனையில் இருந்தோம்.

“மணியை எங்கே விட்டுட்டுப் போறது டீச்சர்? அது தயிர்சாதத்தைத் தவிர வேற எதையும் தொடாது. காசுக்குப் பார்க்கற இடத்துல ஒருநாள் விட்டேன், சாப்பிடவே மாட்டேன்னுடுத்து. கால்தானே, வலிச்சுண்டு கிடக்கட்டும்.”

குறையாகச் சொல்லவில்லை, அவருக்கு அந்த வழக்கம் இல்லை. ஆயினும் தொலைபேசியை வைத்தபின் நாங்கள் நெடுநேரம் பேசவில்லை. வீட்டுப் பிராணியை விட இடமில்லாமல் அறுவையைத் தள்ளிப்போடுகிறவர்கள், தனியே வாழும் முதியோரில் பலர். மாடிப்படி ஏற முடியாமல், கோயிலுக்குப் போக முடியாமல், அறுவை செய்தால் நடக்கலாம் என்று தெரிந்தும், ஒரு நாய்க்காக வலியைப் பொறுத்துக்கொள்கிறார்கள். அறிவாளிகள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். அவர்களுக்கு மணியைத் தெரியாது.

இதய மருத்துவரிடம் கேட்டோம். அவர் நாயின் எடையைக் கேட்டார். பதினான்கு கிலோ என்றோம். இழுக்குமா என்றார். பூனையைக் கண்டால் இழுக்கும் என்றோம். சிரித்துவிட்டுச் சில நிபந்தனைகள் சொன்னார். ஐப்பசிவரை பொறுக்க வேண்டும். வார் பிடிப்பவர் நோயுற்றவர் அல்லர், மற்றவர். நோயுற்றவர் கைவீசி உடன் நடக்கலாம். வாரைக் கையில் சுற்றிக் கட்டக்கூடாது. திடீரென இழுத்தால் விட்டுவிட வேண்டும். இரத்தம் உறையாத மருந்து உண்பதால் சிறு கீறலும் நெடுநேரம் கசியும். நாயின் நகத்தை முன்னரே வெட்டச் செய்ய வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அவ்வாண்டுக்குப் போட்டிருக்க வேண்டும். அன்றாடம் இருமுறை பேருந்துப் பயணம் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனைதான் தடையாக நின்றது. மணியைப் பாலக்கரைக்குக் கொண்டுவர முடியாது. பழகிய வீட்டை விட்டால் அது உண்ணாது. மாமியிடம் சொன்னோம். ஒரு கணம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: “நீங்க ரெண்டு பேரும் இங்கேயே வந்து இருந்துடுங்கோளேன்.”

சீரங்கத்தின் வீதிகளை அறிந்த வாசகர்களுக்கு, அந்த ஒரு கணம் ஏன் என்பது விளங்கும். ஏழு மதில்களுக்குள் அமைந்த ஊர். மாமியின் வீடு சித்திரை வீதி ஒன்றில். மடி ஆசாரத்தோடு மூன்று தலைமுறை சமைத்த அடுக்களை. அதன் சாவியை எங்களிடம் தந்தார். “மீன் மட்டும் வேண்டாம் டீச்சர்” என்று தயங்கிச் சொன்னார். மீனென்ன, முட்டையும் கொண்டுசெல்லவில்லை. ஆறு வாரங்கள் எங்களுக்கு அங்கே தவக்காலந்தான். பாலக்கரையில் எவ்வளவோ சொல்லியும் கேளாத நாக்கு, வீட்டுக்காரருக்கு அளித்த வாக்குக்குக் கட்டுப்பட்டது. இதில் அதிகம் மகிழ்ந்தவர் இதய மருத்துவர். மாமியின் ஆவக்காய் ஊறுகாய் ஜாடியைப் பற்றி அவரிடம் நாங்கள் சொல்லவில்லை.

ஐப்பசி இரண்டாம் நாள் மாமி மருத்துவமனை சென்றார். அடுக்களைச் சுவரில் ஒரே தாளில் இரண்டு பத்திகள் எழுதி ஒட்டினோம். ஒன்று மணிக்கு, மற்றது நோயுற்றவருக்கு. காலை ஐந்தரை: மணிக்கு நடை, இவருக்கும் நடை. எட்டு: மணிக்குத் தயிர்சாதம்; இவருக்கு இட்லி, இரண்டு மாத்திரை. பகல் ஒன்று: இருவருக்கும் உறக்கம். மாலை ஐந்து: மறுபடி நடை. இரவு எட்டு: சோறு, மாத்திரை. கடிகாரம் தேவைப்படவில்லை. எட்டாக ஐந்து நிமிடம் இருக்கும்போதே மணி வந்து கிண்ணத்தின் அருகே அமர்ந்துவிடும். ஆறு வாரத்தில் ஒரு மாத்திரையும் தவறவில்லை. முந்தைய ஐந்து மாதங்களைப் பற்றி அவ்வாறு சொல்ல எங்களால் ஆகாது.

விடியற்காலைச் சீரங்கம் நடப்பதற்கென்றே அமைந்த ஊர். வீதியின் இருபுறமும் பெண்கள் சாணம் தெளித்துக் கோலமிட்டுக்கொண்டிருப்பார்கள். மணி அத்தனை கோலங்களையும் சுற்றியே நடக்கும்; ஒன்றையும் மிதிக்காது. மாமி பழக்கியிருந்தார். கோலத்தைச் சுற்றிச் சுற்றி நடந்ததில் எங்கள் நடையும் மெதுவாயிற்று. மருத்துவர் விரும்பியதும் அதுவே. முதல் வாரம் வீதியின் ஒரு முனைவரை. இரண்டாம் வாரம் வீதி முழுவதும். ஐப்பசி நடுவில் ராயகோபுரம்வரை போய்வந்தோம். 236 அடி உயரமுள்ள அக்கோபுரம் பல நூற்றாண்டுகள் மொட்டையாக நின்று, 1987ஆம் ஆண்டில்தான் கட்டிமுடிக்கப்பட்டது. அதன் அடியில் நின்று நாடியை எண்ணிப் பார்க்க ஒருநாள் மறந்தோம். மறந்தோம் என்பதே வீடு திரும்பியபின்தான் நினைவுக்கு வந்தது.

ஐப்பசியில் அம்மா மண்டபப் படித்துறையிலிருந்து பொற்குடத்தில் காவிரி நீர் யானைமேல் கோயிலுக்குச் செல்லும். மற்ற மாதங்களில் கொள்ளிடத்து நீர். ஒருநாள் அந்த யானை எதிரே வந்துவிட்டது. பூனையைக் கண்டால் இழுக்கும் மணி, யானையைக் கண்டதும் எங்கள் கால்களுக்குப் பின்னே போய் அமர்ந்துகொண்டது. யானை போய்ப் பத்து நிமிடமாகியும் எழவில்லை. நாங்களும் ஒரு திண்ணையில் அமர்ந்தோம். அவ்வீட்டார் யார் எவர் என்று கேட்டார்கள். மாமியின் நாய் என்றோம். காப்பி வந்தது.

தீபாவளியைப் பற்றித்தான் அஞ்சியிருந்தோம். மனிதச் செவி விநாடிக்கு 20,000 அதிர்வுகள்வரை கேட்கும். நாயின் செவி அதற்கு இருமடங்கு கேட்கும். காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை மட்டுமே வெடிக்கலாம் என்பது 2018 முதல் நம் மாநிலத்தில் இருந்துவரும் ஒழுங்கு. சிறுவர்களின் கடிகாரம் வேறு. முந்தின நாள் மாலையே தொடங்கிவிட்டது. சன்னல்களை அடைத்தோம். மின்விசிறியை முழு வேகத்தில் விட்டோம். வானொலியை வைத்தோம். மணி கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. உடல் முழுவதும் நடுங்கிற்று. அழைத்தும் வரவில்லை, தயிர்சாதத்தை முகரவும் இல்லை.

நோயுற்றவர் தரையில் பாய் விரித்துக் கட்டிலுக்கு அருகே படுத்தார். படுக்கக்கூடாது என்று மற்றவர் சொன்னார். மாரடைப்பு வந்ததும் இப்படியோர் இரவில்தான். வெடிச்சத்தத்தில் தாமும் திடுக்கிட்டுக்கொண்டுதான் இருந்தார். கையை நீட்டி மணியின் விலாவில் வைத்தார். உள்ளே இதயம் எண்ண முடியாத வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கையை எடுக்காமல் அப்படியே கிடந்தார். மற்றவர் கதவருகே நாற்காலியில் அமர்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றரைக்கு மேல் வெடிகள் ஓய்ந்தன. கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் துடிப்பு இறங்குவதைக் கையால் அறிந்து, “குறையுது, குறையுது” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எந்த இதயம் என்று மற்றவர் கேட்கவில்லை. பன்னிரண்டரைக்கு மணி நகர்ந்து வந்து பாயின் ஓரத்தில் தலையை வைத்தது. அடுத்த நிமிடம் இருவரின் குறட்டையும் கேட்டது.

மாமி ஒரு வாரத்தில் நடைச்சட்டத்தோடு வீடு வந்தார். மணி பாய்ந்து விழாதபடி இருவரும் பிடித்துக்கொண்டோம். புதிய காயத்தை நாய் நக்கினால் கிருமி தொற்றும். செயற்கை மூட்டில் தொற்று ஏறினால் அது பெருங்கேடு. எனவே மேலும் ஐந்து வாரம், மாமி ஓர் அறையிலும் மணி கூடத்திலுமாக, இருவருக்கும் நடுவே நாங்கள்.

அப்போதுதான் புனித ரோக்குவைப் பற்றி மாமிக்குச் சொன்னோம். நம் பக்கத்தில் ஆரோக்கியநாதர் என்று வழங்கப்படுபவர். ஆகஸ்டு 16 அவர் திருநாள். கொள்ளைநோய் கண்டவர்களுக்குப் பணி செய்து, தாமும் அந்நோயுற்று, ஊரைவிட்டு விலகிக் காட்டில் கிடந்தார். ஒரு நாய் நாள்தோறும் அப்பம் கொண்டுவந்து தந்து, அவர் தொடைப்புண்ணை நக்கியது என்பது மரபு. அவருடைய சுரூபங்களில் தொடையைக் காட்டிக்கொண்டு நிற்பார். காலடியில் வாயில் அப்பத்தோடு நாய். புண்ணை நக்கிய செய்தியை இன்றைய அறுவை மருத்துவர் ஒப்பமாட்டார் என்றார் மாமி. நாங்கள் சொல்ல வந்தது வேறு. அந்த நாய் ரோக்குவின் நாயன்று. பக்கத்து ஊர்ப் பிரபு ஒருவருடையது. அவர் மேசையிலிருந்து எடுத்துவந்த அப்பம் அது. மாமி சற்று யோசித்துவிட்டு, “அப்போ அந்த நாயை அங்கே யார் பார்த்துண்டா?” என்று கேட்டார். எத்தனையோ மறையுரைகளில் இக்கேள்வியை நாங்கள் கேட்டதில்லை.

கார்த்திகை நடுவில் பாலக்கரைக்குத் திரும்பினோம். செய்தி பரவி அழைப்புகள் வரத் தொடங்கின. தில்லைநகரிலிருந்து ஒருவர் முப்பத்தைந்து கிலோ லாப்ரடார் நாயோடு வாயிலுக்கே வந்துவிட்டார். அது நல்ல நாய்தான். அன்பினால் எவரையும் கீழே தள்ளிவிடும். முடியாது என்றோம். முன்பெல்லாம் அச்சொல் எங்களுக்கு வருவதில்லை. அவருக்கு வருத்தம், கால்நடை மருத்துவர் ஒருவரின் காப்பகத்தைச் சொல்லி அனுப்பினோம். இரண்டு லவ் பேர்ட்ஸ் பறவைகளை ஏற்றுக்கொண்டோம். ஒரு கிழட்டுப் பூனையை, நகம் வெட்டிய பின், ஏற்றுக்கொண்டோம். மகளிடம் பறவைகளை மட்டும் சொல்லியிருக்கிறோம்.

மாமிக்கு இன்னும் ஒரு முழங்கால் இருக்கிறது. பங்குனியில் செய்யலாம் என்கிறார்கள். நாள் கேட்டுப் பேசினார். முதலில் எங்கள் இதய மருத்துவரைப் பார்க்கும் நாளைக் குறிப்பேட்டில் பார்த்தோம். அது மாதத்தின் முதல் வாரத்தில். இரண்டாம் வாரத்துக்கு மேல் எந்த நாளானாலும் சரி என்றோம். மறுமுனையில் மாமி மணியைக் கூப்பிட்டு, ஒலிவாங்கியை அதன் காதருகே பிடித்திருக்க வேண்டும். மூச்சுச் சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் மாறிமாறி அதனோடு பேசினோம்.